ஜோசப் கடை டெலிபோன்

ஐப்பசி பிறந்துவிட்டால் ஈப்போவின் சிலிபினில் மாவு காயாது. காலையில் கல்லுமலைகளின் மேல் வெயில் பளீரென்று அடிக்கும். அதை நம்பிப் பாயை விரித்தால், மத்தியானம் சாய்வதற்குள் கிழக்கே வானம் கறுத்துத் தகரக் கூரையைப் பிய்ப்பதுபோல் மழை இறங்கும். கெர்ட்ரூட் அதனால் மாவை வெயிலுக்கு விடுவதே இல்லை. அரிசியை இடித்துச் சலித்து, பெரிய இரும்புச் சட்டியில் போட்டு, கோலம் இழுத்தால் கோடு அறாமல் விழும் பதத்துக்கு வறுத்து எடுப்பாள். அந்த வாசனை தெருமுனை வரை போகும். தீபாவளி வந்துவிட்டது என்று சிலிபின்காரர்கள் காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொண்டதைவிட அவள் வீட்டுப் புகையை முகர்ந்து தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

அவள் வேதக்காரி. தீபாவளி அவளுக்குப் பண்டிகை இல்லை, வியாபாரம். அது முடிந்தால் கிறிஸ்மஸ், அது முடிந்தால் பொங்கல், நடுவில் கல்யாணங்கள்.

செமோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால் மரம் வெட்டி வளர்ந்தவள். தோட்டத்தை வெள்ளைக்காரன் விற்று, வாங்கியவன் துண்டு போட்டு வீட்டுமனை ஆக்கியபோது, புருஷன் ஸ்டானிஸ்லாஸோடு ஈப்போவுக்கு வந்தாள். அவனுக்குக் கல் குவாரியில் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிளார்க்குப் பெண்ணுக்கு ஒரு டின் முறுக்குச் சுட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் அதை ஆபீசுக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்துதான் எல்லாம் பிடித்துக்கொண்டது.

கெர்ட்ரூட் ஒரு விஷயத்தைக் கவனித்தாள். டவுனில் இப்போது பெண்களெல்லாம் வேலைக்குப் போகிறார்கள். டீச்சர்கள், நர்சுகள், பேங்கில் டைப் அடிக்கிறவர்கள். அவர்களுக்கு மாவு இடிக்க நேரமில்லை. ஆனால் மேசை மேல் டெலிபோன் இருக்கிறது. கடை தேடி வரமாட்டார்கள், போனை எடுத்துச் சொல்லுவார்கள். சொன்னால் வீட்டுக்கே போய்ச் சேரவேண்டும். இதை வேறு யாரும் அப்போது யோசிக்கவில்லை.

அவள் வீட்டில் டெலிபோன் இல்லை. இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த கொழுந்தன் மரியஜோசப்பின் கடையில் கறுப்பு டெலிபோன் இருந்தது. அந்த நம்பரைத்தான் எல்லாருக்கும் கொடுத்தாள். ஆர்டர் வந்தால் ஜோசப் கேட்டு வைப்பான், அவன் மனைவி கத்தரின் வந்து சொல்லிவிட்டுப் போவாள். பதிலுக்கு அரிசி, உளுந்து, எண்ணெய், பனங்கட்டி எல்லாம் கெர்ட்ரூட் அவன் கடையிலேயே வாங்கினாள். பின்கட்டில் தோட்டத்துச் சிநேகிதி முத்தம்மாவும் இன்னும் சில பெண்களும் அவளோடு வேலை செய்தார்கள். எல்லாரும் முன்பு பால் வாளி தூக்கியவர்கள். சில வருடம் நன்றாகவே போயிற்று.

எண்பத்திரண்டாம் வருடம் தீபாவளி நெருங்கியும் கத்தரின் வரவில்லை. கெர்ட்ரூட்டே கடைக்குப் போய்க் கேட்டாள்.

"இந்த வருசம் சத்தமே இல்லலா அண்ணி," என்றான் ஜோசப். "எல்லாம் சூப்பர்மார்க்கெட்ல பாக்கெட்டு வாங்குது போல. காலம் மாறிப்போச்சு."

அவள் நம்பினாள். ஆனால் ஒரு பக்கம் ஆர்டர் குறையவே இல்லை. வாராவாரம் பஸ் ஏறித் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போய், அங்கே பெரிய ஆஸ்பத்திரி நர்சுகளின் குவார்ட்டர்ஸில் அவளே நேரில் கொடுத்துவிட்டு வருவாள். அவர்கள் எப்போதும்போல வாங்கினார்கள். டெலிபோனில் சொல்கிறவர்கள் மட்டும் காணாமல் போயிருந்தார்கள்.

வேலை இல்லாமல் மற்றப் பெண்கள் நின்றுவிட்டார்கள். முத்தம்மா மட்டும் வந்துகொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை பாசாரில் புனிதவதி டீச்சரைப் பார்த்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பழைய வாடிக்கை. டீச்சர் கையில் பிடித்திருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போனாள்.

"கெர்ட்ரூட்! நீர் எப்ப பிள்ளை வெளியிலை வந்தனீர்?"

"எங்கேருந்து டீச்சர்?"

"உமக்குச் சுகமில்லை, தஞ்சோங் ரம்புத்தானிலை வச்சிருக்கினம் எண்டல்லோ சொன்னவை."

அங்கே இருப்பது மனநோய் ஆஸ்பத்திரி; பேராக் மாநிலத்தில் தஞ்சோங் ரம்புத்தான் என்றால் ஊர்ப்பெயர் இல்லை. பைத்தியம் என்பதைச் சொல்லாமல் சொல்லும் சொல்.

"யாரு சொன்னா?"

"உம்மட கொழுந்தன்தான். ஆர்டர் சொல்ல எடுத்தனான். பாவம் எண்டு எனக்குக் கண்ணீரே வந்திட்டுது. இப்ப தன்ர மனுசிதான் செய்யிறா, அதே கைப்பக்குவம் எண்டார். நானும் சொல்லிப்போட்டன். வந்த முறுக்கைக் கடிக்கேலாமல் கிடக்கு."

கெர்ட்ரூட் காய்கறிப் பையைத் தரையில் வைத்தாள். பிறகு, "டீச்சர், ஒங்க வீட்டுக்கு வாரேன். எனக்காக ஒரு போன் பண்ணுங்க," என்றாள்.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் இருவரும் தலையோடு தலை ஒட்டி ஒரே ரிசீவரில் கேட்டார்கள். டீச்சர் வேறு ஆள்போலப் பேசினாள். மறுமுனையில் ஜோசப்பின் குரல் கடையில் சாமான் நிறுக்கும் குரலாகவே வந்தது.

"கெர்ட்ரூட்டா? அது புத்தி பெரண்டு கீலா ஆயிருச்சுங்க. தஞ்சோங் ரம்புத்தான்ல இருக்கு. பஸ்ல போறப்ப நம்ம ஆளுங்களே பாத்துருக்காங்க. தீந்து வாரது கஷ்டம்தான். கவலப்படாதீங்க, என் வீட்டுக்காரி செய்யுது. எத்தன டின்னு போடட்டும்?"

டீச்சர் ரிசீவரை வைத்துவிட்டாள். "போலீசுக்குப் போம் பிள்ளை," என்றாள். கெர்ட்ரூட் சேலை முந்தானையால் காதைத் துடைத்துக்கொண்டு, நேரே கடைக்குப் போனாள்.

கடையில் ஆட்கள் நின்றார்கள். பின்னால் எண்ணெய் காயும் வாசனை வந்தது. கத்தரின் எண்ணெயை அதிகமாகக் காயவிடுகிறாள் என்று அந்தக் கோபத்திலும் மூக்குக்குத் தெரிந்தது.

"ஜோசப், நான் எங்க இருக்கேன்?"

"என்னா அண்ணி கேள்வி இது?"

"டீச்சர் வீட்லேருந்து வாரேன். நீ பேசினத காதுல வச்சிக் கேட்டேன்."

அவன் கையிலிருந்த மத்திமீன் டப்பாக்களை அடுக்கி முடித்தான். "கேட்டாச்சில்ல? அப்ப என்னா செய்யச் சொல்றீங்க. போன் என்னுது. எடுத்துப் பேசுறது நானு. கத்தரின் எத்தன வருசத்துக்கு ஒங்க வீட்டுக்கும் கடைக்கும் ஓடும்? நாங்களும் பொழைக்க வேணாமா?"

"கேட்டிருந்தா சேத்துக்கிட்டிருப்பேன். அதுக்கு ஏன் கீலான்னு சொன்ன?"

"செத்துப்போச்சுன்னு சொல்ல மனசு வரலலா." சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "போயி ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் கீலா இல்ல, கீலா இல்லன்னு சொல்லுங்க பாப்போம். யாரு அப்படிச் சொல்லுவா? கீலாதான் சொல்லும். கத்துங்க. இங்கயே கத்துங்க."

கெர்ட்ரூட் கத்துவதற்கு மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் மறைத்தாள். கெர்ட்ரூட் அந்தக் கண்களைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தாள்.

ஸ்டானிஸ்லாஸ் தம்பியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அதிகம் பேசாதவன். குவாரித் தூசு தொண்டையை அடைத்துக்கொண்டது என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

"தீவாளி முடியட்டும்னு சொல்றான் கெர்ட்டி."

"முடியட்டுமா? முடிஞ்சப்பறம் என்னா இருக்கும்?"

"விட்டுருவோம். ஒரே வயித்துல பொறந்தவன்."

"கொள்ளக்காரன் வந்து டின்னத் தூக்கிட்டுப் போயிருந்தா விட்டுருவேன். இவன் என் புத்திய எடுத்துட்டான்யா. நாளைக்கி நான் ரோட்டுல சிரிச்சா கீலா, அழுதா கீலா. நான் சரியா இருக்கேன்னு யாருகிட்ட போயி காட்டறது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான். முத்தம்மாதான் கேட்டாள்: "என்னாக்கா செய்யப் போற?"

பால் மரத்தில் பட்டையை மட்டும் சீவ வேண்டும். கத்தி ஆழமாகப் போய்க் காயம் பட்டால் மரம் கெட்டுவிடும், கங்காணி ஏசுவான். காயம் படாமல் வெட்டுவதில் கெர்ட்ரூட்டுக்குத் தோட்டத்தில் நல்ல பெயர். அன்று அவளுக்குக் காயம் படும்படி வெட்டவேண்டும்போல் இருந்தது.

"அவன் சொன்னத உண்மையாக்கப் போறேன்," என்றாள்.

திங்கட்கிழமை காலை பூசைக்குப் போகும் வெள்ளைச் சேலையை உடுத்தினாள். தலைக்குக் குளித்து, முடியைப் பின்னாமல் விரித்துப் போட்டாள். காலி எண்ணெய் டின் ஒன்றைக் கொண்டுபோய், ஜோசப் கடையின் வாசல் நடைபாதையில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. ஒருவரையும் ஏசவில்லை. சாமான் வாங்க வந்தவர்களிடம் மரியாதையாகப் பேசினாள்.

"வாங்க. என் கொழுந்தன் கடைதான். நான்தான் தஞ்சோங் ரம்புத்தான். அவரு சொன்னாருல்ல? முறுக்கு வாங்குங்க, நல்லாருக்கும். மாவு பெசையறப்ப நானும் உள்ள போயி கைய விட்டேன். என்னா கலந்தேன்னுதான் ஞாபகமில்ல."

வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். சிலர் உள்ளே போய் ஜோசப்பிடம் மெதுவாக விசாரித்தார்கள். அவன் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஜோசப் வெளியே வந்து அவளருகில் குனிந்தான். "எழுந்திருங்க அண்ணி. போலீசக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. போன் உள்ளதான இருக்கு. வந்து பாத்து, இது நல்லா இருக்கு, கீலா இல்லன்னு அவங்க சொன்னா, நீ பொய்யன். கீலாதான்னு சொன்னா, கீலா குடும்பத்துக் கடையில யாரு அரிசி வாங்குவா? எது வேணும்னு நீயே சொல்லு."

அவன் உள்ளே போய்விட்டான். மத்தியானம் மழை அடித்தது. சாரல் அவள் மேல் தெறித்தது, அவள் நகரவில்லை. எதிர்க்கடைச் சீனத்தி ஒரு கோணியைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள்.

மூன்றாம் நாள் ஸ்டானிஸ்லாஸ் குவாரியிலிருந்து லாரியோடு வந்தான். தெருவே பார்க்க, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். நெத்திலிச் சம்பலும் சோறும். அவனே ஆக்கியது, உப்பு அதிகம். நடைபாதையில் அவளுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"சாப்புடு."

"ஒங்களுக்கு வெக்கமா இல்லியா?"

"இருக்கு," என்றான். "சாப்புடு." அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை இருந்து, சட்டியை மழைத் தண்ணீரில் கழுவி எடுத்துப் போனான். அதற்குப் பிறகு தினமும் வந்தான்.

வெள்ளிக்கிழமை கத்தரின் வீட்டுக்கே வந்தாள். விரல்களெல்லாம் எண்ணெய் சுட்ட கொப்புளம். கெர்ட்ரூட் உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா, எனக்கு இதெல்லாம் செய்யத் தெரியாது. அவருதான் நிப்பாட்டி வச்சிச் செய்ய வச்சாரு. நாளைக்கி தெலுக் இந்தான்லேருந்து ரோசரியப் பொண்ணு பாக்க வாராங்க. மாப்பிள்ள எண்ணெப்பனைத் தோட்டத்துல கிளார்க்கு. நல்ல எடம். நாளைக்கி ஒரு நாள் மட்டும் வராதீங்கக்கா. ஒங்க கால்ல விழுறேன்."

ரோசரி அவர்களுடைய ஒரே மகள். சின்னதில் கெர்ட்ரூட்டின் மடியிலேயே கிடந்தவள். முறுக்கு சுற்றும்போது உடைந்த துண்டுகளைப் பொறுக்கித் தின்றபடி, பெரியம்மா, பெரியம்மா என்று காலைச் சுற்றுவாள்.

"என்னை கீலான்னு சொன்னப்ப, அதே வீட்லதான இருந்த?" என்றாள் கெர்ட்ரூட். "காது கேட்டுச்சில்ல?"

கத்தரின் அழுதாள்.

"நாளைக்கி வெள்ளனவே வாரேன். போ."

மறுநாள் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல உயரம், கழுத்தில் சங்கிலியும் சிலுவையும். கடைக்கு மேலேதான் வீடு, கடையைத் தாண்டித்தான் மாடி ஏறவேண்டும். அந்த அம்மா வாசலில் நின்றுவிட்டாள். வெள்ளைச் சேலையும் விரிந்த முடியுமாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தூக்குச்சட்டியோடு ஒரு ஆள்.

"இது யாருங்க?"

ஜோசப் ஓடி வந்தான். "தெரியலிங்க. ரோட்டுல திரியிற கேசு. நீங்க மேல வாங்க."

ஸ்டானிஸ்லாஸ் எழுந்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கும்பிட்டான்.

"இது என் பொஞ்சாதிங்க. இவன் என் கூடப்பொறந்த தம்பி."

அவன் இத்தனை பேர் முன்னால் பேசி கெர்ட்ரூட் கேட்டதில்லை.

"அப்ப பொண்ணுக்குப் பெரியம்மாவா?" என்றாள் அந்த அம்மா.

"ஆமாங்க," என்றாள் கெர்ட்ரூட், உட்கார்ந்தபடியே. "தஞ்சோங் ரம்புத்தான் பெரியம்மா. ஈப்போ பூரா போன் போட்டுச் சொன்னது இவருதான். கேளுங்க."

ஜோசப்பின் உதட்டுக்கு மேல் வேர்த்தது. "அது... அது சும்மா சொன்னதுங்க. அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்காங்க."

"நல்லா இருக்கிறவங்கள அப்படிச் சொன்னீங்களா? சொந்த அண்ணியவா?"

அவன் விழித்தான். இந்தப் பக்கம் போனால் பைத்தியக் குடும்பம், அந்தப் பக்கம் போனால் பொய்க் குடும்பம். கெர்ட்ரூட் அவன் முகத்தை விடாமல் பார்த்தாள். இவ்வளவு நாள் மழையில் உட்கார்ந்தது அந்த முகத்தைப் பார்க்கத்தான். இனிப்பாக இருந்தது. அதை அவள் பிற்காலத்திலும் மறுத்ததில்லை.

வந்தவர்கள் மேலே போனார்கள். காப்பியைக் குடித்துவிட்டு, சீக்கிரமே இறங்கிக் காரில் ஏறினார்கள். சொல்லியனுப்புகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை.

ஜோசப் கடைக்கதவைப் பாதி இறக்கினான். "என்னா வேணும் அண்ணி ஒங்களுக்கு? சொல்லித் தொலைங்க."

"போனைச் சுத்து."

அவள் உள்ளே வந்து மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள். முதலில் டீச்சர் வீட்டுக்குச் சுற்றினான்.

"டீச்சர், ஜோசப் பேசுறேன். அண்ணியப் பத்தி ஒரு சின்னத் தப்பு, யாரோ தவறாச் சொல்லி..."

கெர்ட்ரூட் விரலை நீட்டி டெலிபோன் கட்டையை அமுக்கினாள். லைன் அறுந்தது.

"யாரோ இல்ல. மறுபடி சுத்து."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினான். "டீச்சர், நான்தான் பொய் சொன்னேன். அண்ணிக்கு ஒண்ணுமில்ல. வியாபாரத்துக்காகச் சொன்னேன்."

மறுமுனையில் டீச்சரின் குரல் வெளியே கேட்குமளவுக்கு வந்தது. "நல்லது. இனி உம்மட கடையிலை ஒரு உப்புக்கல்லும் வாங்கமாட்டன்."

"அடுத்தது," என்றாள் கெர்ட்ரூட்.

பேங்க், ஸ்கூல், ரயில்வே ஆபீஸ், லாயர் ஆபீஸ் என்று ஒவ்வொன்றாகச் சுற்றினான். சனிக்கிழமை என்பதால் சில இடத்தில் எடுக்கவில்லை. அவர்களுக்காகத் திங்கட்கிழமையும் வந்து உட்காருவேன் என்றாள். சொல்லச் சொல்ல அவன் குரல் தேய்ந்தது. ஒரு இடத்தில் அழுதுவிட்டான். அவள் காத்திருந்து, மூக்கைச் சிந்தச் சொல்லிவிட்டு, மறுபடி சுற்றச் சொன்னாள். ஸ்டானிஸ்லாஸ் வெளியே போய் லாரியில் உட்கார்ந்துகொண்டான்.

அவள் எழுந்தபோது மாடிப்படியில் ரோசரி நின்றாள். பொண்ணு பார்க்கக் கட்டிய ரோஸ் பட்டுச் சேலை இன்னும் மாற்றவில்லை.

"பெரியம்மா, அவங்க இன்னைக்கி வாராங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் கெர்ட்ரூட்.

ரோசரி தலையை ஆட்டினாள். திரும்பி மேலே போனாள்.

தீபாவளிக்குச் சொற்ப நாளே இருந்தது. ஆனாலும் ஆட்கள் நேரில் வீடு தேடி வந்து ஆர்டர் சொன்னார்கள். இரக்கத்தால் பாதி, வேடிக்கை பார்க்கப் பாதி. நின்றுபோன பெண்களையெல்லாம் கெர்ட்ரூட் திருப்பிக் கூப்பிட்டாள். அடுப்பு அணையவே இல்லை. மறுவருடம் வீட்டுக்கு டெலிபோன் வந்தது. வெளிர்பச்சை நிறம். அதைக் கூடத்தில் வைக்காமல் பின்கட்டில், மாவு படாத உயரத்தில் பலகை அடித்து வைத்தாள். கிறிஸ்மஸுக்கு நர்சுகள், பொங்கலுக்குக் கோலாகங்சார் வரைக்கும் ஆர்டர் போயிற்று. தோட்டத்துப் பெண்கள் இன்னும் சிலர் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

ஜோசப் கடையில் சனங்கள் குறைந்தார்கள். அவன் முறுக்கு விற்பதை விட்டான். சில மாதம் கழித்து பில் கட்டவில்லை என்று அந்தக் கறுப்பு டெலிபோனைக் கழற்றிப் போனார்கள். கெர்ட்ரூட் அந்தத் தெருமுனையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளமாட்டாள். நேராக உள்ளே பார்த்துக்கொண்டே போவாள். மாதா கோயிலில் கத்தரின் வேறு பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். சாமியார் இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசப் பார்த்தார். கெர்ட்ரூட் போகவில்லை.

அப்படி இரண்டொரு வருடம் போயிற்று. ஒரு நாள் காலையில், அச்சில் மாவைத் திணித்துக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஹலோ. ஆர்டர் குடுக்கணும்."

இளம்பெண் குரல். பின்னால் டைப் அடிக்கும் சத்தம். எங்கோ ஆபீசிலிருந்து.

"சொல்லுங்க."

"நிச்சயதார்த்தத்துக்கு. முறுக்கு, அச்சுமுறுக்கு, நெய் உருண்டை. அடுத்த மாசம் மொத வாரம். முடியுமா?"

கெர்ட்ரூட்டுக்கு அந்த 'நெய் உருண்டை'யிலேயே குரல் பிடிபட்டுவிட்டது. 'உருண்டை' என்று சொல்லும்போது நாக்கு லேசாகத் தட்டும்.

"ரோசரியா?"

"ஆமா. ரோசரி மரியஜோசப். எழுதிக்கிறீங்களா?"

"யாரும்மா மாப்பிள்ள? எந்த ஊரு?"

"அது ஆர்டருக்கு வேணுங்களா?"

கெர்ட்ரூட் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். விரலிடுக்கில் ஒட்டியிருந்த மாவு சுவரில் பதிந்தது. "இல்ல. வேணாம்."

"விலாசம் சொல்றேன்." ரோசரி தெருப்பெயரை, கடை நம்பரை, மாடி வீடு என்பதை, எங்கே திரும்ப வேண்டும் என்பதை, தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல் நிதானமாக முழுவதும் சொன்னாள். கெர்ட்ரூட் தெரிந்த வழியை முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"ரோசரி. பெரியப்பாவும் நானும் அன்னைக்கி..."

"சாமான் மட்டும் வந்தா போதுங்க. கீழ கடையில எறக்கி வச்சிரச் சொல்லுங்க. நல்லா செய்வீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க, அதான் ஒங்களுக்குப் போன் பண்ணேன். தேங்க் யூ."

லைன் அறுந்தது. கெர்ட்ரூட் ரிசீவரைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். பின்னால் எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது. முத்தம்மா விறகை வெளியே இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யாருக்கா போன்ல?"

கெர்ட்ரூட் ரிசீவரை வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, அச்சைக் கையில் எடுத்தாள்.

"கஸ்டமர்," என்றாள்.